தரைக் கேப்டனின் இருபத்தாறு நாள்கள்

முந்நூறு பேர் உட்காரும் விமானத்தை இருபத்திரண்டு வருடம் ஓட்டிய ஒருவர், அதில் ஒரு நாள்கூடத் தரையை விட்டு ஒரு சாண் எழும்பியதில்லை என்று சொன்னால் கதை விடுகிறேன் என்பீர்கள். சத்தியமாக இல்லை. உலகத்தில் அப்படியும் ஒரு பிழைப்பு உண்டு.

விமானங்களைப் பழுது பார்க்கும் பெரிய கொட்டகைக்கு ஹேங்கர் என்று பெயர். அது விமான நிலையத்தின் ஒரு கோடியில் இருக்கும். பயணிகள் ஏறும் வாசல் மறு கோடியில். நடுவே நாலு கிலோமீட்டர். இந்த நாலு கிலோமீட்டருக்காக எந்தப் பைலட்டும் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வரமாட்டார். பழுது பார்த்த மெக்கானிக்குகளிலேயே இரண்டு பேர் ஏறி, என்ஜினைக் கிளப்பி, காலி விமானத்தை உருட்டிக்கொண்டு போய் வாசலில் நிறுத்திவிட்டு வேனில் திரும்பி வருவார்கள். அதற்குத் தனி உரிமம் உண்டு. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பரீட்சையும் உண்டு. நம்மவர் அந்த உரிமம் வைத்திருந்த மெக்கானிக். ஹேங்கரில் எல்லாரும் அவரைத் தரைக் கேப்டன் என்று கூப்பிட்டார்கள். கிண்டலுக்கு வைத்த பெயர்தான். போகப்போக அதில் மரியாதையும் சேர்ந்துவிட்டது.

விமானத்தை இப்படித் தரையில் உருட்டுவதை டாக்ஸி என்பார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் "டாக்ஸி பண்ணுவேன்" என்று தொழில் பாஷையில் சொல்லிவிட்டார். மாமனார் கவலையோடு, "எத்தனை வண்டி ஓடுது மாப்ள? சொந்த வண்டியா?" என்று கேட்டாராம். விமானம் என்று தெரிந்ததும் தலைகால் புரியாமல் தெருவெல்லாம் "பைலட் மாப்பிள்ளை" என்று சொல்லித் திரிந்தார். பறக்காத பைலட் என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் அவருக்கு விளங்கியது. அதற்குள் காலம் கடந்துவிட்டது.

வேலை லேசுப்பட்டதல்ல. பெரிய விமானத்தில் முன்சக்கரம் ஓட்டுகிறவரின் முதுகுக்குப் பின்னால், சில மீட்டர் தள்ளி இருக்கிறது. வளைவு வந்தவுடனே பஸ் டிரைவர் மாதிரி திருப்பினால் பின்சக்கரம் புல்லில் இறங்கிவிடும். வளைவைத் தாண்டி, தான் உட்கார்ந்திருக்கும் மூக்குப்பகுதி புல்தரைக்கு மேலே போன பிறகுதான் திருப்ப வேண்டும். புதியவர்கள் அதற்கு முன்பே திருப்பிவிடப் பார்ப்பார்கள். வேகம் மணிக்கு முப்பத்தைந்து கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. பயணிகளும் பெட்டிகளும் இல்லாத விமானமோ அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி மாதிரி, என்ஜின் சும்மா ஓடினாலே துள்ளும். அதைக் காலால் அடக்கி அடக்கி ஓட்ட வேண்டும்.

இன்னொரு விதி உண்டு. பாதைகள் கூடும் ஒவ்வொரு சந்திப்பிலும் இடது இருக்கைக்காரர் தன் பக்கம் எதுவும் வரவில்லை என்று பார்த்து "லெஃப்ட் கிளியர்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வலது இருக்கைக்காரர் "ரைட் கிளியர்" என்று சொல்ல வேண்டும். அடுத்தவர் பக்கத்தை நீங்கள் பார்க்கவும் கூடாது, சொல்லவும் கூடாது. அவர் சொன்னால் அதை அப்படியே நம்பிப் போக வேண்டும். தரைக் கேப்டன் "லெஃப்ட் கிளியர்" சொல்லும்போது கண்ணை மட்டும் ஓட்டமாட்டார். தலை, தோள், இடுப்பு எல்லாம் சேர்ந்து ஜன்னல் பக்கம் திரும்பும். மேலதிகாரிகள் அதைப் புதியவர்களுக்கு உதாரணமாகக் காட்டுவார்கள். "பாரு, எவ்வளவு கண்ணும் கருத்துமா இருக்கார்!"

பைலட் ஆகும் ஆசை இருந்ததா என்று கேட்டால் சிரித்து மழுப்புவார். ஆனால் ஹேங்கரிலிருந்து வரும் வழியில் ஓடுபாதையைக் குறுக்கே கடக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அனுமதி கிடைக்கும்வரை அங்கே நிற்க வேண்டும். வலது பக்கம் மூன்று கிலோமீட்டருக்கு ஓடுபாதை விரிந்து கிடக்கும். அப்போது அவர் பேச்சை நிறுத்திவிடுவார் என்று கூட உட்கார்ந்தவர்கள் சொல்வார்கள்.

அந்த ஆசையை மகள் எடுத்துக்கொண்டாள். அவர் திணிக்கவில்லை, அதை அடித்துச் சொல்லலாம். ஒரே பெண். பத்து வயதில் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து பாத்திர மூடியைத் திருப்பித் திருப்பி ஓட்டியவள், இருபது வயதில் விமானப் பயிற்சிப் பள்ளியை முடித்து, அப்பா வேலை பார்க்கும் அதே நிறுவனத்தில் துணைப் பைலட் பயிற்சிக்குத் தேர்வாகிவிட்டாள். தரையில் நிற்கும் போலி விமானமான சிமுலேட்டரில் பெரிய விமானத்துக்கான பயிற்சியும் முடிந்தது. அடுத்த மாதம் நிஜ விமானம், நிஜப் பயணிகள். சீருடை தைத்து வந்துவிட்டது. துணிக்கடையில் அளவு திருத்தித் தைக்கும் வேலை பார்க்கும் அவளுடைய அம்மா, கடைக்காரன் தைத்தது சரியில்லை என்று தோள்பட்டையைப் பிரித்து மறுபடி தைத்தாள். "ஆகாயத்துல போறவளுக்கு இப்படியா தைக்கிறது?" என்று கடைக்காரனுக்குத் திட்டு வேறு.

இந்த நேரத்தில்தான் தரைக் கேப்டன் வீட்டு வாசல் நிலையில் மோத ஆரம்பித்தார். அந்தி நேரத்தில் தெரு நாயை மிதித்தார். ஹேங்கர் வாசலில் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கும் கட்டையில் தடுக்கி முழங்காலைப் பெயர்த்துக்கொண்டார்.

"அவ்ளோ பெரிய விமானத்த இஞ்ச் பிசகாம ஓட்டுறீங்க. வீட்டு வாசல் மட்டும் கண்ணுக்குத் தெரியாதா?" என்றாள் மனைவி. முதலில் சிரித்தாள். மூன்றாவது முறை சிரிக்கவில்லை. கண் டாக்டரிடம் போகச் சொல்லி உயிரை வாங்கினாள். அவரும் ஒரு வியாழக்கிழமை அரை நாள் விடுப்பு போட்டுத் தனியாகப் போனார்.

டாக்டர் ஒரு வெள்ளைக் கிண்ணம் மாதிரியான கருவியில் தாடையை வைக்கச் சொன்னார். நடுவில் உள்ள புள்ளியை மட்டும் பார்க்க வேண்டும். ஓரங்களில் வெளிச்சப் புள்ளி வந்தால் கையில் உள்ள பொத்தானை அமுக்க வேண்டும். இவர் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தார். ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை.

"எப்ப சார் ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டார்.

"ஆரம்பிச்சு நாலு நிமிஷம் ஆச்சுங்க" என்றார் டாக்டர்.

விழித்திரை நோய். ஓரப் பார்வை வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, நடுவில் மட்டும் தெளிவாகத் தெரியும். மங்கலான வெளிச்சத்தில் இன்னும் மோசம். மருந்து இல்லை. தோளோடு திரும்பிப் பார்க்கும் பழக்கம் எத்தனை நாளாக இருக்கிறது என்று டாக்டர் கேட்டபோது, இருபத்திரண்டு வருடமாக வாங்கிய பாராட்டெல்லாம் எதற்கென்று அவருக்கு விளங்கியது. இனி வண்டி எதுவும் ஓட்ட வேண்டாம் என்றார் டாக்டர். "விமானம்?" என்று கேட்க நினைத்து வாயை மூடிக்கொண்டார். அதுகூடப் பரவாயில்லை. கோப்பில் எழுதிக்கொண்டே டாக்டர் அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"பிள்ளைங்க இருக்காங்களா?"

"ஒரு பொண்ணு."

"கூட்டிட்டு வாங்க. இது வம்சத்துல வர்றது. பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு. என்ன பண்றாங்க?"

"படிக்கிறா" என்றார் தரைக் கேப்டன்.

ஏன் அப்படிச் சொன்னார் என்று அவரைக் கேட்டால் அவருக்கே தெரியாது. நாக்கு முந்திக்கொண்டது, அவ்வளவுதான். முதல் பொய் எப்போதும் அப்படித்தான் வருகிறது, அடுத்தடுத்தவற்றைத்தான் நாம் யோசித்துச் சொல்கிறோம். வீட்டுக்கு வந்து மனைவியிடம், "ஒண்ணுமில்ல, வயசாயிடுச்சாம். சொட்டு மருந்து குடுத்திருக்கார்" என்றார். வழியில் மருந்துக்கடையில் ஒரு சொட்டு மருந்துப் புட்டியும் வாங்கியிருந்தார்.

அன்று தொடங்கி இருபத்தாறு நாள். பாதிக்குப் பாதி என்றால் இல்லாமலிருக்கவும் பாதி இருக்கிறதே என்று தினமும் தனக்குத்தானே வக்காலத்து வாங்கினார். அவளை எத்தனை டாக்டர்கள் பார்த்தார்கள், எத்தனை பரிசோதனை, எல்லாவற்றிலும் தேறியவள்தானே! அவர்கள் காதோரம் விரலை ஆட்டி "தெரியுதா?" என்று கேட்டதோடு விட்டவர்கள் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் அந்தப் பக்கம் யோசனையைத் திருப்பவில்லை. சொல்லிவிட்டால் அந்தச் சீருடை அலமாரியிலேயே தொங்கும். சொல்லாவிட்டால் முந்நூறு பேர் அவளை நம்பி உட்காருவார்கள். காலையில் சொல்லிவிடுவது என்று எழுந்திருப்பார். அவள் பல் துலக்கிக்கொண்டே பாட்டு முணுமுணுப்பது காதில் விழும். சாயந்திரம் சொல்லலாம் என்று கிளம்பிவிடுவார். தனக்கு உடம்பு சரியில்லை என்று ஓட்டும் வேலையை மட்டும் தட்டிக்கழித்து வந்தார். அந்த அளவுக்கு நேர்மை இருந்தது. தன் கண் என்றால் நேர்மை சுலபமாக வருகிறது, மகளின் கண் என்றால் வருவதில்லை.

பதினெட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மகள் பழக்கம் விட்டுப்போகாமல் இருக்க ஊர்க்கோடியில் உள்ள பறக்கும் சங்கத்தில் சின்ன விமானம் எடுத்துப் பறப்பாள். வாரத்தில் இரண்டு மூன்று தடவை போவாள். அன்று அம்மாவையும் கூட்டிப் போகப் போகிறேன் என்றாள். அம்மா அதுவரை எந்த விமானத்திலும் ஏறியதில்லை.

"அப்பா, நீங்களும் வாங்க. நாலு சீட் இருக்கு."

"எனக்குத் தலை சுத்துது. நீங்க போயிட்டு வாங்க" என்றார்.

அந்த நேரத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேண்டாம் என்று சும்மாவாவது கத்தியிருக்கலாம், சண்டை போட்டிருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. கூடவே சங்கம் வரை போய், வெளியே கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏறுமுன் திரும்பிப் பார்த்த மனைவிக்குப் போய் வா என்று கையைக் காட்டினார். விமானம் ஒரு வெள்ளைப் பொட்டாகி மறைந்தது. இருபத்தைந்து நிமிடம். அந்த இருபத்தைந்து நிமிடத்தில் தன் வாழ்க்கையில் கும்பிட்டது, கும்பிடாதது எல்லாவற்றையும் கூப்பிட்டுவிட்டார். திரும்பி வந்து இறங்கிய மனைவி குழந்தை மாதிரி சிரித்தாள். "நம்ம வீட்டு மாடி தெரிஞ்சுதுங்க. கொடியில காயப்போட்ட துணிகூடத் தெரிஞ்சுது." அவர் வேலிக்கம்பியிலிருந்து விரல்களைப் பிரித்தெடுக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

இருபத்தாறாம் நாள் அவருக்குப் பரீட்சை. உரிமம் புதுப்பிக்கும் பரீட்சை சிமுலேட்டரில்தான் நடக்கும். பயிற்சிக் கட்டடத்தில், ஆறு இரும்புக் கால்களின் மேல் நிற்கும் ஒரு பெரிய வெள்ளைப் பெட்டி அது. சின்னப் பாலம் வழியாக உள்ளே போய்க் கதவை மூடிவிட்டால் அச்சு அசலாக விமானத்தின் முன்னறை. கண்ணாடிக்கு வெளியே திரையில் விமான நிலையம், ஓடுபாதை, வானம். பிரேக் போட்டால் பெட்டி முன்னால் குனியும். வரமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் காரணம் கேட்பார்கள். இரண்டு நாள் கழித்துச் சொல்லிக்கொள்ளலாம், இன்று மட்டும் ஒப்பேற்றிவிடலாம் என்று வந்துவிட்டார்.

வலது இருக்கைக்கு வரவேண்டிய சக மெக்கானிக்குக் காய்ச்சல். பயிற்சியாளர் ஓய்வு பெற்ற பைலட், ஜாலியான மனிதர். "அதுக்கென்ன, உங்க பொண்ணு கீழ கேன்டீன்ல தானே இருக்கா. அவளையே உக்கார வைப்போம். அப்பா ஓட்ட பொண்ணு பாக்கட்டும்" என்று போனில் கூப்பிட்டுவிட்டார்.

மகள் மூச்சு வாங்க ஓடிவந்து வலது பக்கம் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினாள். "கேப்டன், உத்தரவு?" என்று சல்யூட் வைத்தாள்.

திரையில் பட்டப்பகல். அவர் வழக்கம்போல இடுப்போடு திரும்பித் திரும்பிப் பார்த்து, ஒரு பிசகும் இல்லாமல் ஓட்டிக் காட்டினார். வளைவுகளில் மூக்கு புல்லுக்கு மேலே போய் அழகாகத் திரும்பியது. முப்பது நிமிடத்தில் முடிந்துவிட்டது. பயிற்சியாளர் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னும் அரை மணி நேரம் நம்ம கையில இருக்கு. இத்தன வருஷம் உருட்டியே காலத்த ஓட்டிட்டீங்க. ஒரு தடவ மேல போய்ப் பாத்துட்டு வாங்களேன்."

அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். "அப்பா, ப்ளீஸ்" என்றாள் மகள். பயிற்சியாளர் அழகுக்காகத் திரையில் அந்தி வெளிச்சத்தைக் கொண்டுவந்தார். ஓடுபாதை விளக்குகள் இரண்டு வரிசையாக எரிந்தன. நடுவில் இருந்தது எல்லாம் அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது.

என்ஜின் கைப்பிடியை முன்னால் தள்ளினார். விமானம் உறுமிக் கிளம்பியது. வேகமுள் முப்பத்தைந்தைத் தொட்டதும் அவருடைய கை தானாகக் கைப்பிடியைப் பின்னால் இழுத்தது. இரண்டு காலும் பிரேக்கை மிதித்தன. பெட்டி குப்புற விழுவது போலக் குனிந்து நின்றது. பயிற்சியாளர் விழுந்து விழுந்து சிரித்தார். "பழக்க தோஷம்! பைலட் எவனும் இந்தத் தப்பப் பண்ணமாட்டான் சார். இதுக்குத் தரைக் கேப்டன்தான் வரணும்."

மறுபடி முயன்றார். மறுபடி கை இழுத்தது. மூன்றாம் முறை மகள் தன் இடது கையை அவர் கைக்குப் பின்னால் அணைத்து வைத்துக்கொண்டாள். "இழுக்க விடமாட்டேன் பாருங்க" என்றாள். முப்பத்தைந்தைத் தாண்டியது. அறுபது, நூறு, நூற்றைம்பது, இருநூறு. விளக்குகள் கோடாகிப் பின்னால் பாய்ந்தன. "இப்ப, இப்ப, மெதுவா பின்னால இழுங்கப்பா" என்றாள். இழுத்தார். சக்கரங்களின் கடகட சத்தம் நின்றுபோனது. இருபத்திரண்டு வருடமாகக் காதில் விழுந்துகொண்டே இருந்த சத்தம் அது. அவர் கண்ணில் நீர் வழிந்தது. துடைக்கக் கை கிடைக்கவில்லை. பத்து நிமிடம் பறந்தார்கள். அந்தப் பத்து நிமிடம் அவருக்கு எந்த டாக்டரும் நினைவில்லை.

மகளே இறக்கினாள், பூப்போல. பிறகு கட்டுப்பாட்டை அவரிடம் தந்து, "இனி உங்க ஏரியா" என்று சிரித்தாள். அவர் ஓடுபாதையிலிருந்து வெளியே வந்து, அந்தி வெளிச்சத்திலேயே வாசலை நோக்கி உருட்டினார். ஒரு சந்திப்பு வந்தது.

"லெஃப்ட் கிளியர்" என்றார்.

அவள் வலது பக்கம் பார்த்தாள். "ரைட் கிளியர்" என்றாள்.

நம்பிப் போனார். பெட்டி அதிர்ந்தது, திரை உறைந்து சிவப்பானது. பின்னால் பயிற்சியாளர் கைதட்டினார். "மாட்டினீங்களா! பெட்ரோல் லாரிய அனுப்பினேன். அப்பாவும் பொண்ணும் கொஞ்சிக்கிட்டே கோட்டை விட்டீங்க."

"நான் பாத்தேன் சார். அங்க ஒண்ணுமே இல்லயே" என்றாள் மகள்.

பக்கத்து அறையில் பதிவைப் போட்டுக் காட்டினார். அவளுடைய வலது ஜன்னலில், மேலே மஞ்சள் விளக்கு சுழலச் சுழல, ஒரு லாரி நிதானமாக வந்துகொண்டிருந்தது. எட்டு விநாடி. "இது கண்ணுல படலன்னா எப்படிம்மா? இன்னும் கொஞ்ச நாள்ல நிஜம், ஞாபகம் இருக்கட்டும்" என்று பயிற்சியாளர் செல்லமாக அதட்டினார். அவள் திரையையே பார்த்தாள். "பாத்தேனே" என்று மறுபடி, இந்த முறை தனக்குள், சொல்லிக்கொண்டாள். அவளுடைய அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை.

அன்று சாயந்திரம் வீட்டு வாசற்படியில் உட்காரவைத்துச் சொன்னார். நோயைச் சொன்னார், அது எப்படி வருகிறது என்று சொன்னார். பரிசோதனைக்கு வரச் சொன்னார். எல்லாம் சொன்னவர், ஓர் இடத்தில் மட்டும் மென்று விழுங்கினார்.

"எப்ப தெரிஞ்சுதுப்பா?"

"முந்தாநாள்தான்."

அவள் அழவில்லை. அவர் முழங்காலைத் தட்டிக்கொடுத்தாள். "உங்களுக்கு எவ்ளோ கஷ்டமா இருந்திருக்கும்" என்றாள். அந்த வார்த்தை அவரைக் கொன்றது என்றே சொல்ல வேண்டும். ஆனாலும் திருத்தவில்லை.

டாக்டர் வெள்ளைக் கிண்ணத்தில் அவளையும் தாடையை வைக்கச் சொன்னார். அவள் பொத்தானை அமுக்கினாள், அப்பாவைவிட அதிகமாகத்தான். ஆனால் போதுமான அளவு இல்லை. டாக்டர் இரண்டு பேரின் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நோய் இருக்கிறது, ஆரம்பக் கட்டம்தான், வேகமாக வளராது என்றெல்லாம் சொன்னார். அவள் கேட்டது ஒரே கேள்வி.

"பறக்கலாமா?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "நீங்க படிக்கிறீங்கன்னு அப்பா சொன்னாரே?" என்று கோப்பைப் புரட்டினார். "அன்னைக்கே உங்களக் கூட்டிட்டு வரச் சொன்னேன்மா. இதோ, போன மாசம் ஏழாம் தேதி."

அவள் அப்பாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள். உதடு அசைந்தது, எண்ணிக்கொண்டிருந்தாள்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள். இருவரும் இனி வண்டி எடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பஸ் வரும் திசையைப் பார்த்தபடியே மகள் பேசினாள்.

"நீங்க என்கிட்ட சொன்ன அன்னைக்கு வரைக்கும் இருபத்தாறு நாளு. அதுல ஒன்பது தடவ மேல போயிருக்கேன்ப்பா."

"ம்."

"ஒரு தடவ அம்மா இருந்தாங்க."

"பயமா இருந்துச்சும்மா. உன் கனவு..."

"என் கனவப் பத்தி நான்தானே முடிவு பண்ணணும்? எனக்குத் தெரிஞ்சிருந்தா அன்னைக்கே எறங்கியிருப்பேன். அழுதுகிட்டே எறங்கியிருப்பேன். ஆனா எறங்கியிருப்பேன்." அவர் பக்கம் திரும்பினாள். "ரைட் கிளியர்னு நான் சொன்னா நீங்க நம்பித்தானே போனீங்க? நானும் உங்கள அப்படித்தான்பா நம்பிட்டு இருந்தேன்."

பஸ் வந்தது, ஏறினார்கள். அவள் முன்னால் போய்த் தனியாக உட்கார்ந்தாள்.

வீட்டில் மனைவியிடம் அவளே சொன்னாள். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. மனைவி அப்போது ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். கேட்டு முடித்து நூலைப் பல்லால் கடித்தாள். பிறகு கணவரிடம் சொன்னாள்:

"ஏறும்போது எனக்குக் கை காலெல்லாம் நடுங்குச்சு. எறங்கிடலாமான்னு நினைச்சேன். நீங்க வேலிகிட்ட நின்னு தைரியமா போன்னு கையக் காட்டுனீங்க. அதப் பாத்துத்தான் உக்காந்தேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் திட்டவில்லை. அடுத்த பொத்தானை எடுத்தாள். அவர் கொல்லைப் பக்கம் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, அந்தத் தண்ணீர்ச் சத்தத்தில் வாய்விட்டு அழுதார்.

மறுநாள் மை காயாத புது உரிமத்தைக் கொண்டுபோய் மேலதிகாரியின் மேசையில் வைத்துவிட்டு, தன் கண்ணைப் பற்றி எழுதிக்கொடுத்தார். நிறுவனம் அவரைக் கருவிகள் வைக்கும் அறைக்கு மாற்றியது. காலையில் ஸ்பானர்களை எண்ணிக் கொடுப்பதும் சாயந்திரம் எண்ணி வாங்குவதும் வேலை. ஹேங்கரில் இன்னும் தரைக் கேப்டன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர் திரும்புவதில்லை. மகள் தன் சீருடையைத் தானே மடித்துப் பெட்டியில் வைத்தாள். நாலு மாதம் வீட்டுக்குள்ளேயே கிடந்தாள். பிறகு அந்தப் பயிற்சியாளர் வந்து பேசி, சிமுலேட்டரைப் பின்னாலிருந்து இயக்கும் வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அதற்குப் பைலட்டுக்கு வேண்டிய கண் தேவையில்லை. அவளோடு படித்தவர்கள் ஒவ்வொருவராக வந்து முன் இருக்கையில் உட்கார, அவள் பின்னால் உட்கார்ந்து அவர்களுக்கு மழையும் காற்றும் லாரியும் அனுப்புகிறாள்.

அப்பாவும் மகளும் சாயந்திரம் ஒரே பஸ்ஸில் வீடு திரும்புகிறார்கள். இப்போது பக்கத்தில்தான் உட்காருகிறாள். சாப்பிட்டீர்களா என்று கேட்பாள், இன்று யார் எப்படி ஓட்டினார்கள் என்றுகூடச் சொல்வாள். பேச்சில் ஒரு குறையும் இல்லை. அதனால்தான் ஒரு நாள் அவருக்குத் துணிச்சல் வந்தது.

"என்னை மன்னிச்சிட்டியாம்மா?"

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி யோசித்தாள். பூசி மெழுகுவது அவளுக்கு வராது.

"கண்ணுக்கு மன்னிக்கிறதுக்கு என்னப்பா இருக்கு? நீங்களா வேணும்னு குடுத்தீங்க? அந்த இருபத்தாறு நாளத்தான்... இன்னும் இல்லப்பா. முயற்சி பண்றேன். இன்னும் முடியல."

"சரிம்மா" என்றார்.

இறங்கும் இடம் வந்தது. வெளியே வெளிச்சம் மங்கியிருந்தது. பஸ் படி அவருக்கும் தெரியவில்லை, அவளுக்கும் சரியாகத் தெரியவில்லை. அவள் எழுந்து அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் காலால் தடவித் தடவி இறங்கினார்கள். கண்டக்டர் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார்.